குரல் எழுப்பட்டும், பூட்டைத் திறக்க வேண்டாம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், குரலைக் கேட்டுத் திறக்கும் கதவுப் பூட்டு வாங்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் போட்டேன். ஏன் என்று கேட்டார்கள். சின்னச் சின்ன மின்னணுச் சாதனங்களுக்கு நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு, அதனால் குழுவில் எழுதினால் எல்லோரும் திட்டும் அளவுக்கு நீளமான பதில் என்னிடம் இருக்கிறது. இங்கே எழுதுகிறேன். குரலைக் கேட்டு ஒரு சாதனம் விழித்துக்கொள்வது அருமையான விஷயம், அதே குரலை மட்டும் நம்பி அது பூட்டைத் திறப்பது தப்பு. இந்த இரண்டையும் ஒரே வசதி மாதிரி கட்டி விற்கிறார்களே, அதுதான் எனக்குக் கோபம்.

விழிப்பதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரிந்தால்தான் மற்றது புரியும். 5000 மில்லி ஆம்பியர் மணி (mAh) பேட்டரி உள்ள போனில் ஏறக்குறைய 19 வாட் மணி நேர மின்சாரம் இருக்கிறது. நீங்கள் எப்போது கூப்பிடுவீர்களோ என்று போனின் பெரிய ப்ராசஸர் ஒரு வாட் செலவழித்துக் காத்திருந்தால், நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் 19 மணி நேரத்தில் பேட்டரி காலி. அதே வேலையை ஒரு மில்லிவாட்டில் முடித்தால் இரண்டு வருடத்துக்கு மேல் வரும். இந்த ஆயிரம் மடங்கு வித்தியாசத்துக்காகத்தான் 2013இல் வந்த மோட்டோ எக்ஸ் போனில் கேட்பதற்கென்றே தனியாக ஒரு சின்ன ப்ராசஸர் வைத்தார்கள். ஐபோனில் 2014இல் 'ஹே சிரி' என்று கூப்பிட்டு எழுப்பும் வசதி வந்தபோது சார்ஜரில் செருகியிருந்தால்தான் அது வேலை செய்தது, அடுத்த வருடம் 6எஸ் வந்த பிறகுதான் பேட்டரியிலேயே எந்நேரமும் கேட்க முடிந்தது.

எப்படிச் செய்தோம் என்று ஆப்பிள்காரர்களே 2017இல் எழுதினார்கள். எப்போதும் விழித்திருக்கும் குட்டி ப்ராசஸரில் ஐந்து அடுக்கு, அடுக்குக்கு 32 அலகு மட்டுமே உள்ள மிகச் சிறிய நியூரல் நெட்வொர்க் ஓடுகிறது, அதாவது நிறையப் பேச்சைக் கேட்டுக் கற்றுக்கொண்ட ஒரு நிரல், மாடல் என்றும் சொல்வோம். மைக்கிலிருந்து நொடிக்கு 16,000 ஒலி அளவீடுகள் வருகின்றன, சுமார் 0.2 நொடித் துண்டுகளாக அதைப் பார்த்து, 'ஹே சிரி' மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் மட்டும் பெரிய ப்ராசஸரை எழுப்புகிறது. அங்கே அடுக்குக்கு 192 அலகு கொண்ட பெரிய நெட்வொர்க் இன்னொரு தடவை சரிபார்க்கிறது. திண்ணையில் கண்மூடிப் படுத்திருக்கும் தாத்தா தெருவில் போகிற வருகிற சத்தத்துக்கெல்லாம் அசையமாட்டார், தன் பேர் காதில் விழுந்த மாதிரி இருந்தால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பார், அந்தக் கணக்குதான். ஆப்பிள் வாட்சில் இடமும் மின்சாரமும் இன்னும் குறைவு என்பதால், மணிக்கட்டைத் தூக்கிய பிறகுதான் அது கேட்கவே ஆரம்பித்தது.

இப்போது இதற்கென்றே சிப் செய்கிறார்கள். சின்டியன்ட் என்ற கம்பெனியின் என்டிபி100 மாதிரியான சிப்புகள் 140 மைக்ரோவாட்டுக்குள் வேக் வேர்டை, அதாவது சாதனத்தை எழுப்பும் சொல்லை, பிடித்துவிடும். கைக்கடிகாரத்திலும் கார் சாவியிலும் போடுகிற சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்றில், சிப்பை மட்டும் கணக்கில் எடுத்தால், ஆறு மாதத்துக்கு மேல் இது கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தத் துறையில் இருப்பவனாகச் சொல்கிறேன், இது நம் காலத்தின் அழகான பொறியியல் வேலைகளில் ஒன்று.

சரி, இதில் 'யார் பேசுகிறார்' என்பது எங்கே வருகிறது? போனை முதலில் அமைக்கும்போது சில வாக்கியங்களைச் சொல்லச் சொல்லும், ஐபோனில் ஐந்து. ஒவ்வொன்றையும் எண்களின் ஒரு வரிசையாக மாற்றி வைத்துக்கொள்ளும். பிறகு யாராவது கூப்பிட்டால் அந்தக் குரலையும் எண்ணாக மாற்றி, பதிந்து வைத்தவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும். ஒரு அளவைத் தாண்டினால் நீங்கள், தாண்டாவிட்டால் வேறு யாரோ. அவ்வளவுதான். இதைக் கொண்டுவந்ததற்கு முக்கியக் காரணம், பக்கத்து மேசைக்காரர் கூப்பிட்டால் உங்கள் போன் விழிக்கக் கூடாது, டிவியில் யாரோ சொன்னால் விழிக்கக் கூடாது என்பதுதான். 2017இல் பர்கர் கிங் நிறுவனம் 'ஓகே கூகுள்' என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் டிவி விளம்பரம் போட்டு, அமெரிக்காவில் வீடு வீடாக கூகுள் ஹோம் கருவிகளைப் பேசவைத்தது ஞாபகம் இருக்கலாம். அந்தத் தொல்லைக்கு இது நல்ல மருந்து.

அந்த அளவுகோலை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கறாராக வைத்தால் சளி பிடித்த அன்று, மிக்ஸி ஓடும்போது, தூங்கி எழுந்த குரலில் பேசும்போது உங்களையே அது கண்டுகொள்ளாது. தளர்வாக வைத்தால் உங்கள் தம்பிக்கும் விழிக்கும். கையில் இருப்பது ஒரு நொடி அளவுக்கான பேச்சு, அதைப் பார்ப்பது மில்லிவாட் கணக்கில் ஓடும் சின்ன மாடல். சொந்தக்காரரையே மதிக்காத போனை யாரும் வாங்கமாட்டார்கள், அதனால் தயாரிப்பாளர் தளர்வின் பக்கம்தான் சாய்வார். விழிப்பதற்கு அது நியாயம், தப்பாக விழித்தால் ஒரு 'பீப்' சத்தம், கொஞ்சம் பேட்டரி, அதோடு போயிற்று. கதவு தப்பாகத் திறந்தால்?

கைரேகைக்கும் முகத்துக்கும் என்ன எதிர்பார்க்கிறோம் என்று பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் டச் ஐடியைத் திறக்க வாய்ப்பு 50,000இல் ஒன்று, ஃபேஸ் ஐடியை 10 லட்சத்தில் ஒன்று என்று ஆப்பிள் எழுத்தில் சொல்கிறது. ஆண்ட்ராய்டில், போலி விரல் அல்லது போலி முகத்தைக் காட்டினால் எத்தனை சதவீதம் ஏமாறுகிறது என்று அளந்து, 7 சதவீதத்துக்குள் இருந்தால்தான் வலுவான பூட்டு என்ற தகுதி கொடுக்கிறார்கள். குரல் பூட்டு விற்பவரிடம் இந்த இரண்டு எண்ணையும் கேளுங்கள்.

குரலால் போனை அன்லாக் செய்வதை கூகுளே செய்து பார்த்துவிட்டது. 2015 வாக்கில் ஆண்ட்ராய்டில் ட்ரஸ்டட் வாய்ஸ் என்ற வசதி வந்தது, 'ஓகே கூகுள்' என்றால் போன் திறக்கும். அதை இயக்கும்போதே, உங்களைப் போன்ற குரலோ உங்கள் குரலின் பதிவோ இந்த போனைத் திறக்கக்கூடும் என்று எச்சரிக்கை காட்டினார்கள். 2019இல் தங்கள் பிக்சல் போன்களிலிருந்தும் எடுத்தே விட்டார்கள், போன் பூட்டியே இருக்கும், நீங்கள் அனுமதித்திருந்தால் சில பதில்களை மட்டும் பூட்டிய திரையின் மேலேயே காட்டும் என்று மாற்றினார்கள். நிறையப் பேர் வசதி போய்விட்டதே என்று கத்தினார்கள். எனக்கு அது அந்த விஷயத்தில் எடுத்த மிகச் சரியான முடிவாகத் தெரிகிறது.

ஏனென்றால் குரலை நாம் மறைத்து வைப்பதில்லை. போனில் அம்மா பேசுகிறாரா மகள் பேசுகிறாளா என்று சொந்தக்காரர்களே குழம்புவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. 2017இல் பிபிசி செய்தியாளர் ஒருவர் தன் எச்எஸ்பிசி வங்கிக் கணக்கில் குரல் அடையாளத்தைப் பதிந்து வைக்க, அவருடைய இரட்டைச் சகோதரர் அவர் மாதிரிப் பேசியே உள்ளே போய் இருப்புத் தொகையைப் பார்த்துவிட்டார், பணம் எடுக்க மட்டும் முடியவில்லை. இத்தனைக்கும் அவர்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்கூட இல்லை. அது மனிதக் குரலால் நடந்தது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் வால்-இ என்ற மாடலைக் காட்டினார்கள், மூன்று நொடிப் பதிவு போதும், அந்தக் குரலில் எதை வேண்டுமானாலும் பேசும். 2024 மார்ச்சில் ஓபன்ஏஐ 15 நொடிப் பதிவிலிருந்து குரலை உருவாக்கும் கருவியைப் பற்றி அறிவித்தபோது, வங்கிக் கணக்குகளுக்குக் குரலை அடையாளமாக வைப்பதைப் படிப்படியாக நிறுத்துங்கள் என்று அந்தக் கம்பெனியே சொன்னது. நீங்கள் காலையில் குடும்பக் குழுவில் போடும் ஒரு வாய்ஸ் நோட்டே 15 நொடிக்கு மேல் இருக்கும்!

குரலே இல்லாமலும் நுழைய வழி இருக்கிறது. 2017இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில், மனிதக் காதுக்குக் கேட்காத, 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான ஒலியில் கட்டளையை ஏற்றி அனுப்பினார்கள். மைக்கின் உள்ளே இருக்கும் மின்சுற்றின் குறையால் அது சாதாரணப் பேச்சாக மாறிவிடுகிறது, அறையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது, போன் மட்டும் கீழ்ப்படியும். 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினரும் டோக்கியோவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளரும் சேர்ந்து லேசர் ஒளியை மைக்கின் மேல் பாய்ச்சியே கட்டளை கொடுத்தார்கள், 110 மீட்டர் தூரத்திலிருந்து. ஜன்னல் கண்ணாடி வழியாகவும் முடிந்தது. இதை நம் தெருவில் நாளைக்கே யாரும் செய்யப்போவதில்லை, பயமுறுத்துவது என் நோக்கமும் இல்லை. ஆனால் மைக் என்பது வெளியிலிருந்து வரும் எதையும் வாங்கிக்கொள்ளும் ஒரு வாசல், அதன் பின்னால் வீட்டுக் கதவைக் கட்டக் கூடாது.

இன்னொன்று, யாரும் பேசாத விஷயம். ஐபோன் உங்கள் ஐந்து வாக்கியத்தோடு நிற்பதில்லை. நீங்கள் தினமும் கூப்பிடக் கூப்பிட, உங்கள் குரல்தான் என்று தானே நம்பிக்கொண்டவற்றையும் சேர்த்துக்கொண்டே போகும், 40 வரை சேரும் என்று 2018இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். விழிப்பதற்கு இது மிக நல்ல யோசனை, அறைக்கு அறை, காருக்குள், தெருவில் உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. இதே யோசனையைப் பூட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை தப்பாக உள்ளே விட்ட ஆளின் குரல் உங்கள் அடையாளத்தோடேயே சேர்ந்துவிடும், அடுத்த தடவை அவருக்கு இன்னும் சுலபம்.

சரி, பின் நம்பரைச் சொன்னால்தானே திறக்கும் என்பார்கள். அலெக்சாவில் கதவைத் திறக்கச் சொன்னால் பின் கேட்கும், உண்மைதான். ஆனால் அந்த நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஹாலில் பெயின்ட் அடிப்பவரும் கேட்பார், மாடிப்படியில் நிற்பவரும் கேட்பார்.

என் கருத்தில் இது இப்படி இருந்தால் போதும். விளக்கு, ஃபேன், அலாரம், பாட்டு, இதற்கெல்லாம் வீட்டில் யார் குரலாக இருந்தாலும் விழிக்கட்டும், குழந்தை சொன்னாலும் கேட்கட்டும். மெசேஜ் படிப்பது, காலண்டர் பார்ப்பது மாதிரி விஷயங்களுக்குக் குரல் பொருந்த வேண்டும், அதோடு அந்தச் சாதனம் உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். இரண்டாவதைச் செய்ய இன்றே வழி உண்டு. காலையில் ஸ்மார்ட் வாட்சைக் கட்டி ஒருமுறை பின் போட்டால், கையிலிருந்து கழற்றும்வரை அது திறந்தே இருக்கும், கழற்றினால் பூட்டிக்கொள்ளும். காதில் மாட்டும் ஏர்பாட்ஸில் பேச்சின் அதிர்வை உணரும் சென்சார் ஒன்று இருக்கிறது, போட்டிருப்பவரே பேசுகிறாரா என்று தெரிந்துகொள்ள அது உதவும். கதவும் பணமும் மட்டும் குரலை நம்பித் திறக்கவே கூடாது, எவ்வளவு நல்ல மாடலாக இருந்தாலும்.

பதிந்த குரல் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நம் நாட்டில் 2011இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளே குரல் அமைப்பைக் கைரேகை, கருவிழியோடு சேர்த்து பயோமெட்ரிக் என்றுதான் வகைப்படுத்தின. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், குரலை என்ன செய்வீர்கள்? அது அந்தச் சாதனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியே போகக் கூடாது. கடையில் வைஃபையை அணைத்துவிட்டு உங்கள் குரலை அடையாளம் காட்டச் சொல்லுங்கள், முடியவில்லை என்றால் உங்கள் குரல் வேறு யாருடைய சர்வருக்கோ போகிறது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் எதிராக எனக்கே கனமாகத் தெரியும் வாதம் ஒன்றுதான். கை வராதவர்கள். என் சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வலது கை முழுதாக வரவில்லை. போன் திரையைத் தேய்த்துத் திறப்பது அவருக்குப் பெரிய வேலை, ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அவர் மாதிரி ஆட்களுக்குக் குரல் ஒரு சொகுசு இல்லை, அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் நான் கண்ணால் பார்த்தது என்னவென்றால், பக்கவாதம் அவர் பேச்சையும் குழற வைத்துவிட்டது, காலையில் ஒரு மாதிரி, களைத்துப்போன சாயங்காலத்தில் வேறு மாதிரி. முன்பு பதிந்திருந்த குரலோடு அது பொருந்தவே இல்லை. குரல் பூட்டு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைத்தான் அது முதலில் வெளியே நிறுத்துகிறது. பார்க்கின்சன் வந்தவர்கள், தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், எல்லோருக்கும் இதே கதிதான்.

அவருக்கு நாங்கள் செய்தது வாட்ச் வழிதான். காலையில் சித்தி கட்டிவிட்டு பின் போட்டுவிடுவார், அதற்குப் பிறகு அவர் கையைத் தூக்கிக் கூப்பிட்டால் போதும், குரல் பொருந்துகிறதா என்ற கேள்வியே வராது, குழறினாலும் வார்த்தை புரிந்தால் சரி. குழறும் பேச்சைப் புரியவைக்க கூகுள் 2019இல் யூஃபோனியா என்ற திட்டத்தைத் தொடங்கியது, அந்தப் பக்கம் நடக்கும் வேலைக்கு எவ்வளவு பணம் போட்டாலும் தகும். குரல் பூட்டுக்குச் செலவழிக்கும் பணத்தை அங்கே திருப்புங்கள், தமிழில் குழறிப் பேசும் ஒரு முதியவர் 'விளக்கைப் போடு' என்றால் ஒரு பட்டன் பேட்டரிச் சாதனத்துக்குப் புரிய வேண்டும். அதைச் செய்துகொண்டு வாருங்கள், நானே முதல் ஆளாக வாங்கி எங்கள் குடியிருப்பில் எல்லோரிடமும் சொல்கிறேன்.