பெரியப்பாவின் எரணியா

பெரியப்பாவுக்குத் தொடையிடுக்கில் வீக்கம் வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் வீட்டில் தெரிந்தது. அந்த இடத்தை யாரிடம் போய்க் காட்டுவது என்ற கூச்சம். வேட்டி கட்டுகிற மனிதர், மறைப்பதும் சுலபம். தெரிந்த பிறகும் யாரும் பதறவில்லை. "எரணியாதானே, வலை வைத்துத் தைத்துவிடுவார்கள்" என்று நானே பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். முதலில் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் வருகிற சங்கதி அது.

அடுத்துப் பார்த்த சர்ஜன் நிற்க வைத்து, இருமச் சொல்லி, பிறகு படுக்க வைத்து அமுக்கிப் பார்த்தார். எரணியா, அதாவது குடலிறக்கம் என்றால் பொதுவாக நின்றால் புடைக்கும், படுத்தால் உள்ளே போகும், இருமினால் விரலில் வந்து தட்டும். இது மூன்றுக்கும் மசியவில்லை. சிக்கிக்கொண்ட குடலிறக்கமும் இப்படி இருக்கலாமாம். வயிற்றுக் கொழுப்பு இறங்கியிருந்தாலும் சாதாரண ஸ்கேனில் கொழுப்பாகத்தான் தெரியுமாம். அதனால் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். செலவைப் பார்த்து நான் முனகியது உண்மை.

கடைசியில் தெரிந்தது, லைப்போசார்கோமா. விரைக்குப் போகிற ரத்தக்குழாய், விந்துக்குழாய் எல்லாம் சேர்ந்த கயிற்றை ஒட்டி, கொழுப்பில் வருகிற அபூர்வமான புற்றுநோய். எரணியா ஆபரேஷனில் அங்கே சின்னக் கொழுப்புக் கட்டி தென்படுவது சகஜம், பெரும்பாலும் சாதுவானது. அந்தப் பழக்கத்தில் இதையும் துண்டு துண்டாக எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது அதே இடத்தில் திரும்ப வளரும். விரையோடும் கயிற்றோடும் சேர்த்து முழுசாக எடுக்க வேண்டும். உள்ளே போன பிறகு தெரிந்தால் அந்த முடிவை யாரிடம் கேட்பது? நோயாளி மயக்கத்தில் இருப்பார்.

எரணியா மாதிரி ஏமாற்றும் கட்டி பெண்களுக்கும் உண்டு. கர்ப்பப்பையைத் தாங்கும் நாரில் வரும் நார்க்கட்டி அதே இடத்தில் எரணியா போலவே புடைக்கும்.

எரணியாவில் எடுக்கிற எல்லாத் துண்டையும் பயாப்ஸிக்கு அனுப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவோ கெட்டியாகவோ ஒன்று வந்தால், "வெறும் கொழுப்புதான், எதுக்கு வீண் செலவு" என்று நாமே தடுக்கக் கூடாது. தடுக்கிறோம். கூட வந்த மாமா முணுமுணுத்தார்.

பெரியப்பாவிடம் எடுத்த கட்டி இருந்த ஃபார்மலின் டப்பாவை மஞ்சப்பையில் போட்டு லேபுக்கு எடுத்துப்போனது நான்தான். பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப் நடக்கிறது. பெரியப்பாவுக்கு இன்னும் ஒரே மனத்தாங்கல்: "அந்த டப்பாவ என்கிட்ட ஒரு தடவ காட்டியிருக்கலாம்லடா."