ஊற்றாதீர்கள், டியூப் போடுங்கள்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் மார்த்தாண்டம் பக்கம் பல வீடுகளில் பரணியில், அதாவது பீங்கான் சாடியில், திராட்சை வைன் ஊறும். பாட்டிலுக்கு மாற்றும் நாளில்தான் எனக்கு வயிறு எரியும். புனலை வைத்து, ஒரு முழ உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்றுகிறார்கள். நுரை பொங்குகிறது. அத்தனையும் காற்று! நொதிக்கும்போது கிளம்பிய கரியமில வாயு அதுவரை காற்றை அண்டவிடாமல் காத்தது. நொதிப்பு அடங்கியபின் அந்தக் காவல் இல்லை. உள்ளே போன ஆக்சிஜனை வைத்து பாக்டீரியா ஆல்கஹாலை வினிகராக்கும், நிறமும் பழுப்படிக்கும். டியூபைப் பாட்டிலின் அடிவரை இறக்கி, மெதுவாக வழியவிட்டு, கழுத்துவரை நிரப்பி மூடினால் போதுமே. சொன்னால் மாமி, "எங்க அம்மா காலத்துலேருந்து இப்படித்தான் மக்களே" என்கிறார். அப்புறம் பொங்கலுக்குள் புளித்துவிட்டதாம், திராட்சை சரியில்லையாம்!