பேச்சுவார்த்தை இல்லை என்பதும் முன்வைராக்கியம் என்பதும்

கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் இருந்துகொண்டு தினமும் ஒரு தமிழ் நாளிதழும் ஒரு மலையாள நாளிதழும் வாசிப்பவன் நான். கொலைச் செய்தி இரண்டிலும் வரும். தமிழில் "முன்விரோதம் காரணமாக" என்று அச்சாகியிருக்கும் இடத்தில் மலையாளத்தில் "முன்வைராக்கியம்" என்று இருக்கும். நமக்கு வைராக்கியம் என்றால் மனவுறுதி. பிள்ளையைப் படிக்கவைத்தே தீருவேன் என்று மழையிலும் கொழுந்து பறிக்கப் போகும் தாயிடம் இருப்பது வைராக்கியம். மலையாளத்தில் அது பகை. அந்த ஒரு சொல் ஒரு மனிதரை ஏழு மாதம் சிறையிலும் நான்கு ஆண்டுகள் வழக்கிலும் வைத்திருந்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்த வழக்கு அது. ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில், தலையில் காயத்தோடு ஒருவர் இறந்து கிடந்தார். அடுத்த வீட்டுக்காரரைக் கைது செய்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். தைப்பொங்கல் சமயத்தில் குழாயடியில் ஒரு சண்டை நடந்திருந்தது. கடைசி வீட்டில் இருந்த, தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டிதான் முக்கியமான சாட்சி. அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். போலீஸ்காரர் தமிழில் கேட்டார். அவர் தமிழில் சொன்னார். வாக்குமூலம் மலையாளத்தில் எழுதப்பட்டது. விசாரணையின்போது போலீசார் எழுதிக்கொள்ளும் அந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். போலீஸ் தன் விருப்பத்துக்கு எழுதி, மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் எழுதப்பட்டதைச் சொன்னவரே பார்க்காமல் போவதற்கும் அதுவே வழியாகிவிடுகிறது.

"ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க சார்" என்று அவர் சொன்னது "இருவருக்கும் இடையில் முன்வைராக்கியம் இருந்தது" என்று தாளில் ஏறியது. பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த பிறகு கைதானவரைப் பார்த்ததாக, "கொழுந்து நிறுத்துட்டு வந்த பொறவு அவரு ஓடைப்பக்கம் போனதப் பாத்தேன்" என்று சொன்னது "மாலை ஆறு மணிக்கு" என்று ஏறியது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் படித்தபோதுதான் தான் சொன்னதாக எழுதப்பட்டிருப்பதை அந்த அம்மா முதன்முறையாகக் கேட்டார். பேசாமல் இருந்தார்கள் என்றால் பகை என்றுதானே பொருள் என்று கேள்வி வந்தது. "பகைன்னா வெட்டிக்கிறதுங்க. இது பேசாம இருக்கிறது. எங்க லயத்துல பாதிப் பேரு பாதிப் பேரோட பேசாமத்தான் இருக்கோம்" என்றார். தோட்டத்துப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்ததில், அன்று மழை பிடித்துக்கொண்டதால் மூன்றரை மணிக்கே கொழுந்து நிறுத்து முடித்திருந்தது தெரிந்தது. இறந்தவரை ஐந்து மணிக்கு மேல் கடையில் பார்த்தவர்கள் இருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். இறந்தவர் அடிபட்டு இறந்தாரா, வழுக்கி விழுந்து இறந்தாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவருடைய மனைவி, அடுத்த வீட்டுக்காரர்தான் கொன்றார் என்று இப்போதும் நம்புகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் காவல் நிலையம் கொடுத்த ஒரே விடை அதுதான்.

எதற்காகச் செய்திருப்பார் என்பதற்கு ஒரு பதில் கிடைத்த உடனேயே, இவர்தான் செய்தார் என்பதும் நிரூபணமாகிவிட்டதாக நம் மனம் எடுத்துக்கொள்கிறது. குழாயடிச் சண்டை தெரிந்துவிட்டது. பிறகு மணிக்கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. துப்பறியும் கதைகளும் தொலைக்காட்சித் தொடர்களும் இந்தப் பழக்கத்தை நமக்குள் ஊறப்போட்டிருக்கின்றன. அங்கே கடைசி அத்தியாயத்தில் காரணம் வெளிவரும், குற்றவாளி உடைந்துபோய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார், கதை முடியும். நம் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டது குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியமே ஆகாது. அந்தக் கடைசி அத்தியாயத்துக்குப் பிறகுதான் எங்கள் வேலையே தொடங்குகிறது.

சட்டம் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறது. ஒருவரைச் செயலுக்குத் தூண்டிய காரணம் வேறு. செய்யும் நேரத்தில் அவர் மனத்தில் இருந்த கருத்து வேறு. கொலையா இல்லையா என்று தீர்மானிக்கும்போது, உயிரைப் பறிக்கும் கருத்து இருந்ததா என்றுதான் சட்டம் கேட்கிறது. சொத்துக்காகவா, காதலுக்காகவா, மானத்துக்காகவா என்பது அதற்கு அடுத்த கேள்வி. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தன் 8ஆம் பிரிவில் தூண்டிய காரணத்தைப் பார்க்க வேண்டிய பொருளாகச் சேர்த்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டமும் அதை வைத்திருக்கிறது. கண்ணால் கண்ட நம்பகமான சாட்சி இருந்தால் காரணம் தெரியாவிட்டாலும் தண்டிக்கலாம். சூழ்நிலைச் சாட்சியம் மட்டுமே இருக்கும் வழக்கில் காரணம் ஒரு கண்ணி. மற்றக் கண்ணிகள் இல்லாமல் அது ஒன்றே சங்கிலியாகிவிடாது. பூனாவில் மனைவிக்குச் சயனைடு கொடுத்ததாகக் கணவர் மீது சுமத்தப்பட்ட வழக்கில், கீழ் நீதிமன்றம் விதித்து உயர் நீதிமன்றம் உறுதிசெய்த மரண தண்டனையை 1984இல் உச்ச நீதிமன்றம் நீக்கி அவரை விடுவித்தது. சூழ்நிலைச் சாட்சியத்துக்கு அப்போது அது வகுத்த ஐந்து நிபந்தனைகளை இன்றும் நீதிமன்றங்கள் எடுத்துச் சொல்கின்றன. செய்திருக்கலாம் என்பதற்கும் செய்திருந்தே ஆக வேண்டும் என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தைத் தாண்டாமல் யாரையும் குற்றவாளி என்று சொல்லக் கூடாது என்பதே அவற்றின் உயிர்.

இங்கே எங்கள் தலைக்கு மேலே ஒரு மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. செங்குட்டுவன் எழுப்பியது என்று நம்பப்படும் அந்தக் கோயில் இடிந்த கற்கட்டாகவே நிற்கிறது. ஆண்டில் ஒரு நாள், சித்திரா பௌர்ணமி அன்று, குமுளியிலிருந்து ஜீப்பிலும் பளியன்குடியிலிருந்து நடந்தும் போக இரண்டு மாநிலத்தாரும் அனுமதிப்பார்கள். ஒவ்வொரு முறை அங்கே நிற்கும்போதும், நம் இலக்கியத்தில் இருக்கும் மிகப் பெரிய கொலை வழக்கு கோவலனுடையதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அதில் கொலைக்களத்தை மட்டும் கூர்ந்து பாருங்கள். பாண்டியன் விசாரிக்காமல் ஆணையிட்டுவிட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆணையோடு வந்த காவலர்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். உடனே பொற்கொல்லன் கள்வர்களின் இலக்கணத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவே செய்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டு வழிகளை அடுக்குகிறான். அதில் கோவலனுக்கு எதிரான சாட்சியம் ஒன்றுகூட இல்லை. கள்வர் எப்படிப்பட்டவர்கள் என்ற பொதுப்பேச்சு மட்டும்தான். அதைக் கேட்டு இன்னொருவன் தான் எங்கோ பார்த்த திருடனின் கதையைச் சொல்கிறான். பேச்சு அப்படியே நீண்டுகொண்டிருக்கையில் கல்லாத, குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். முகத்தைப் பார்த்து வந்த நியாயமான ஐயத்தைக் கள்வர் என்றால் இப்படித்தான் என்ற பேச்சு மூடிவிட்டது. இன்று ஒருவரைக் கைது செய்தவுடன் தொலைக்காட்சியிலும் நம் முகநூலிலும் நடப்பது அதே பேச்சுத்தான்.

தோற்றத்தை நம்பி விடுவிப்பதும் நியாயம் ஆகாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட வழக்கில், நிலமும் காரும் உள்ள பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்து போய் இதைச் செய்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற காரணத்தையும் காட்டி உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. முகத்தைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது.

கண்ணகி அவையில் என்ன செய்தாள் என்பதை எண்ணிப் பாருங்கள். என் கணவன் நல்லவன் என்று அவள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பொற்கொல்லன் எதற்காகப் பொய் சொன்னான் என்று யாரும் ஆராயவும் இல்லை. அரசியின் சிலம்பில் முத்துப் பரல். தன் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துக் காட்டினாள், முடிந்தது. எங்கள் வழக்கில் கொழுந்து நிறுத்த நேரத்தைக் காட்டிய பதிவேட்டைப் பார்த்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பரல்தான்.

அந்தக் காப்பியத்தில் நாம் அதிகம் பேசாத இன்னொரு செய்தியும் உண்டு. பின்னர் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், பத்தினியின் சினம் தணிய, ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். ஒருவன் செய்த பொய்க்கு அவன் தொழிலைச் செய்த ஆயிரம் பேர். எல்லையில் வாழ்கிறவர்கள் இந்த வரியை எளிதில் கடந்து போக முடியாது. 2011 பிப்ரவரியில் எர்ணாகுளத்திலிருந்து ஷொர்ணூர் போகும் பாசஞ்சர் ரயிலில் 23 வயதுப் பெண் தாக்கப்பட்டு, வன்கொடுமைக்கு ஆளாகி, சில நாட்களில் இறந்தார். குற்றவாளி தமிழ்நாட்டுக்காரர். அந்த வாரம் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில், பல ஆண்டுகள் பழகிய கடைக்காரச் சேட்டன், "நிங்ஙளுடெ ஆளல்லே", உங்கள் ஆள்தானே, என்றார். வெறுப்போடு சொல்லவில்லை, அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். ஆனாலும் அந்தத் தேநீரை என்னால் குடித்து முடிக்க முடியவில்லை.

அந்த வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கொலைக் குற்றத்தையும் மரண தண்டனையையும் நீக்கி, வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனையை நிலைநிறுத்தியது. அந்தப் பெண் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டாரா, தானே குதித்தாரா என்பது ஐயமின்றி நிரூபிக்கப்படவில்லை என்றும் கொல்லும் கருத்து காட்டப்படவில்லை என்றும் சொன்னது. கேரளம் கொதித்தது. எனக்கும் அந்தத் தீர்ப்பை ஏற்க மனம் வரவில்லை. ஒரு பெண்ணை அந்த நிலைக்குக் கொண்டுபோனவனுக்கு அவள் இறப்பாள் என்பது தெரியாமலா இருந்திருக்கும் என்று இன்றும் கேட்கிறேன். ஆனால் நீதிமன்றம் கேட்ட கேள்வி தவறானது என்று சொல்ல மாட்டேன்.

பாறசாலை வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்துக்குள் இருந்த ஒரு வீட்டில் 2022 அக்டோபரில் ஒரு பெண் தன் காதலனுக்குக் கஷாயத்தில் களைக்கொல்லி கலந்து கொடுத்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தைச் சேர்ந்த அந்த இளைஞர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தார். செயல் ஒரு மாநிலத்தில், மரணம் இன்னொரு மாநிலத்தில். விளைவு நேர்ந்த இடத்திலும் விசாரிக்கலாம் என்று சட்டம் சொல்வதால் நெய்யாற்றின்கரையில் வழக்கு நடந்து, 2025 ஜனவரி 20 அன்று அந்தப் பெண்ணுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வேறு திருமணம் நிச்சயமாகியிருந்தது, ஜாதகம் என்றெல்லாம் காரணங்களை நாடே பேசித் தீர்த்தது. என் மனத்தில் நிற்பது, மருத்துவமனையில் மாஜிஸ்திரேட் முன் கொடுத்த மரண வாக்குமூலத்தில் அந்த இளைஞர் அவள் மீது குற்றம் சொல்லவில்லை என்பதுதான். அதையும் தாண்டி மருத்துவச் சான்றும் கைபேசிச் சான்றும் வழக்கைத் தாங்கின. அதே நாளில் கொல்கத்தாவில் மருத்துவமனைக்குள் இளம் மருத்துவர் வன்கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்ட வழக்கில், இது மரண தண்டனைக்கு உரிய அரிதினும் அரிதான வழக்கு அல்ல என்று சொல்லி ஆயுள் தண்டனை தந்தார்கள். ஒரே நாளில் ஒரே அளவுகோல் இரண்டு விதமாக அளந்ததைப் பார்த்த பிறகு, உயிரைத் திருப்பித் தர முடியாத தண்டனையை மனிதர் கையில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வண்டிப்பெரியாறைப் பற்றி நீண்டு எழுத எனக்குத் துணிவு இல்லை. 2021இல் அங்கே லயத்தில் ஆறு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கு. 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. சான்றுகளைத் திரட்டியதில் இருந்த குறைகளைத் தீர்ப்பே எடுத்துச் சொன்னது. விடுவிக்கப்பட்டவரைத் திட்டிப் பதிவு எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது, சம்பவ இடத்தில் முதல் நாள் எடுத்திருக்க வேண்டியதை ஏன் எடுக்கவில்லை என்று அதே உரத்த குரலில் ஏன் கேட்கவில்லை என்பதுதான்.

கோட்டயத்தில் 1992இல் மடத்துக் கிணற்றில் இறந்து கிடந்த சிஸ்டர் அபயா வழக்கில், தற்கொலை என்று சொல்லி மூடப் பார்த்தது 28 ஆண்டுகள் கழித்து 2020இல் கொலை என்று தீர்ப்பானது. 2022இல் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு மேல்முறையீட்டுக்குப் போனது. விசாரணை நீதிமன்றம் நம்பிய முக்கியமான சாட்சி, அன்றிரவு இடிதாங்கியின் செம்பைத் திருட மடத்துக்குள் ஏறியவர். அரண்மனைக்குள் தடையின்றிப் போய்வந்த பொற்கொல்லன் பொய் சொன்னான். இங்கே ஒரு திருடன் வாக்கு மாறாமல் நின்றான். சாட்சியின் வாயிலிருந்து வந்ததை வந்தபடி பாதுகாத்து வைப்பதற்கு மேல் நீதிக்கு வேறு என்ன கைமுதல் இருக்கிறது?

ஆகவே நான் கேட்பது மிகச் சிறிய காரியம். போலீசார் பதிவு செய்யும் வாக்குமூலத்தை ஒலி, ஒளிப்பதிவாகவும் எடுக்கலாம் என்று 2009 முதல் சட்டத்தில் இருக்கிறது. புதிய சட்டத்திலும் இருக்கிறது. எடுக்கலாம் என்பதை, தேவிகுளம், பீருமேடு, சிற்றூர் போன்ற தாலுகாக்களில் தமிழ் மட்டும் தெரிந்த சாட்சிகளுக்காவது எடுத்தே ஆக வேண்டும் என்று மாற்ற வேண்டும். ஒவ்வொரு போலீஸ்காரரின் சட்டைப்பையிலும் கைபேசி இருக்கிறது. கேரள உள்துறைக்கு ஒரு மனு எழுதி முடித்திருக்கிறேன், தமிழிலேயே. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. அந்த அம்மாவிடம் மனுவைப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தார். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் குமுளி பேருந்து நிலையத்துக்கு வாருங்கள். நான் அங்கே இருப்பேன்.