சார்ஜர் பெட்டி ‘வெறும் சுவிட்ச்’ அல்ல

“உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது, சுவரில் மாட்டும் பெட்டி வெறும் சுவிட்ச்தான். பிளக்-இன் ஹைப்ரிட் காருக்கு (பெட்ரோலிலும், பிளக்கில் மாட்டி சார்ஜ் செய்யும் பேட்டரியிலும் ஓடுவது) மலிவான எந்த இறக்குமதிப் பெட்டியும் போதும்” என்றொரு செய்தி பரவுகிறது.

முதல் பாதி சரி. மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றுவது காருக்குள் உள்ள கருவிதான். அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் ஆபத்தானது.

எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்று காருக்குச் சொல்வதும், கார் தயாரான பிறகே கேபிளில் மின்சாரத்தை விடுவதும் அந்தப் பெட்டிதான். பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. 6 மில்லிஆம்பியருக்கு மேல் நேர்மின்சாரம் கசிந்தால், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டித்து ஆளைக் காக்கும் ‘ஏ’ வகை மின்கசிவுத் துண்டிப்பான் (ஆர்சிடி) சரிவர வேலை செய்யாமல் போகலாம். அப்போது ஆளுக்கு ஷாக் அடித்தாலும் அது துண்டிக்காமல் இருந்துவிடலாம். இந்தக் கசிவைக் கண்டறியும் பாகம் பெட்டியில் இல்லையென்றால், நேர்மின்சாரக் கசிவையும் கண்டறியும், விலை கூடிய ‘பி’ வகைத் துண்டிப்பானைத் தனியாக வாங்க வேண்டும். மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும்.

ஹைப்ரிட் குறைவாகத்தானே இழுக்கும் என்பதும் சமாதானமாகாது. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் சுமார் 3.7 கிலோவாட், அதுவும் மணிக்கணக்கில். கம்பி இணையும் முனையில் ஒரு திருகு தளர்ந்திருந்தால் போதும், பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கும்.

இறக்குமதி என்பதாலேயே எதுவும் மோசமல்ல. ஆனால் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் ‘சிஇ’ முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். இத்தகைய கருவிகளுக்கு அது பெரும்பாலும் தயாரிப்பாளரே அறிவித்துக்கொள்வது. மின்கார் சார்ஜிங் கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61851-இன்படி தனி ஆய்வகம் சோதித்த சான்றைக் கேளுங்கள். அதிலுள்ள மாடல் எண்ணும் பெட்டியிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.