மூட்டையும் முடிச்சும்

'சாமான்' பாரசீகத்திலிருந்தும் 'லக்கேஜ்' ஆங்கிலத்திலிருந்தும் வந்ததை விரிவாக எழுதிய ஒரு கட்டுரை, நம் 'மூட்டை'யை ஒரே வரியில் கடந்து, 'மூட்டை முடிச்சு' என்பதை வெறும் ஓசைக்காக அமைந்த இரட்டைச் சொல் என்று ஒதுக்கிவிட்டது வருத்தமளிக்கிறது. மூட்டுதல் என்றால் இணைத்தல், தைத்தல். நிரம்பிய சாக்கின் வாயை இரு ஓரமும் சேர்த்துப் பிடித்து, கோணி ஊசியில் சணல் கோத்து இழுத்துத் தைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். எலும்புகள் இணையும் இடத்தை 'மூட்டு' என்பதும் இதே வேரிலிருந்துதான். 'முடிச்சு' வேறு வினை: துணி ஓரத்தில் காசை வைத்து முடிந்துகொள்கிறோமே, அந்த முடிதல். தைத்த பெருஞ்சுமையும் முடிந்த சிறு பொதியும் சேர்ந்ததே 'மூட்டை முடிச்சு'. எனவே கட்டுரையாளர் அதை ஒதுக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.