ஆளை மாத்தினா கணக்கு முடியாது

ஒரு அதிகாரி காசு கேக்கிறார் எண்டு பெட்டிசம் போட்டா கொஞ்சக் காலத்துக்கு ஒரு சத்தமும் இருக்காது. பிறகு ஒருநாள் கந்தோர் வாசலில நிக்கிற பியோன் சொல்லுவார், ஆளை மாத்திட்டாங்களாம் எண்டு. திருகோணமலையில நாங்கள் கண்ட பொறுப்புக்கூறல் அவ்வளவுதான். விசாரிச்சாங்களா? தெரியாது. காசு வாங்கினது உண்மையா? தெரியாது. வாங்கின காசு திரும்பி வந்ததா? அதைக் கேக்கவே ஆளில்லை. ஆள் போயிட்டார், கதையும் போயிட்டுது.

எங்க மாத்தினது எண்டு பாருங்கோ. பட்டினத்தில இருந்து மாவட்டத்திட ஓரத்தில இருக்கிற வெருகலுக்கு, இல்லாட்டிக் குச்சவெளிக்கு. பட்டினத்தில காசு கேட்டவருக்கு வெருகலுக்குப் போனா கை சுத்தமாகிடுமா? 2006 சண்டையில ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து உடுத்த உடுப்போட ஓடி, முகாம் முகாமா அலைஞ்சு திரும்பி வந்த சனம் இருக்கிற இடம் அது. அந்தச் சனத்திட்ட ஒரு கையெழுத்துக்குக் காசு கேட்டா, எதிர்த்துக் கதைக்கவும் துணிவு வராது. பெட்டிசம் எழுதிக் குடுக்கவும் பக்கத்தில ஆள் இருக்காது. தெற்கில பிழை செய்தவரை வடக்குக்கும் கிழக்குக்கும் தள்ளிவிடுறது இந்த நாட்டில எவ்வளவு காலப் பழக்கம்! தண்டனை இடமாற்றம் எண்டு பேர் வேற. தண்டனை அவருக்கா, அவர் வந்து உக்காரப்போற ஊருக்கா?

நான் கண்ட ஒண்டைச் சொல்லுறன். கந்தோரிட பேரை எழுதேல்லை, ஏனெண்டா அந்த அம்மா இன்னும் அங்க போய்வர வேணும். புருசன் செத்துப்போச்சு. இருக்கிறது பேமிட் காணி. 1935 இல வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ குடுக்கிற உத்தரவுப்பத்திரம். அதைத் தன்ட பேருக்கு மாத்த வேணும். மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளிட பிறப்புச் சான்றிதழ், விதானையாரிட கடிதம் எல்லாத்தையும் ஒரு சொப்பிங் பாக்கில சுத்திக்கொண்டு அந்த மனிசி போகும், வரும். ஒருநாள் ஒரு கடதாசி இல்லை எண்டுவாங்கள். அடுத்தநாள் ஐயா கூட்டத்துக்குப் போயிட்டார் எண்டுவாங்கள். கடைசியில விசயம் வெளியில வந்தது: "பைல் மேல போகவேணும் எண்டா கொஞ்சம் செலவிருக்கு அம்மா." அந்தச் செலவை வாங்கிறதுக்கு முன்னால இருக்கிற தேத்தண்ணிக் கடையில ஒரு ஆள். அதிகாரி கை நீட்டமாட்டார். கடைக்கார ஆள்தான் நீட்டுவார்.

பெட்டிசம் நான்தான் எழுதிக் குடுத்தன். திகதி, கேட்ட தொகை, எந்தக் கடை, ஆர் வாங்க வந்தது எல்லாம் விபரமா எழுதி, கீழ அந்த அம்மா நடுங்கின கையால கையெழுத்துப் போட்டு, மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில அனுப்பினம். அந்தக் கடிதம் எங்க போனது தெரியுமா? ஓரத்தில சிவப்பு மையால "அறிக்கை தரவும்" எண்டு ஒரு வரி எழுதி, ஆருக்கு எதிரா எழுதினமோ அவரிட மேசைக்கே அனுப்பியிருக்கிறாங்கள். பிரதி இல்லை, அந்தக் கடிதமேதான். அவர் அம்மாவைக் கூப்பிட்டு முன்னால இருத்தி, கடிதத்தை விரிச்சு வைச்சுக் கேட்டிருக்கிறார்: "என்னம்மா, என்னைப் பற்றி மேல எழுதியிருக்கிறியள் போல. உங்கட மருமகன் எங்க வேலை செய்யிறார்?"

அவர் சத்தம் போடேல்லை, ஏசேல்லை. மருமகன் எங்க வேலை செய்யிறார் எண்டு மட்டும் கேட்டவர். அண்டைக்குப் பின்னேரம் அந்த அம்மா எங்கட வீட்டுப் படியில வந்து இருந்து, "தம்பி, இனி ஒண்டும் எழுதாதையடா" எண்டா. நான் என்னத்தைச் சொல்லுறது?

பிறகு அவரையும் மாத்தினாங்கள். புதுசா வந்தவரிட்டக் கேட்டா, "எனக்கு அது தெரியாதம்மா, முந்தி இருந்தவரைத்தான் கேக்கவேணும்" எண்டுறார். பைல் அந்த அலுமாரியிலதான் கிடக்கு. பெட்டிசத்துக்குப் பதிலும் வந்தது, நாலு வரி, சிங்களத்தில. வாசிச்சுச் சொல்ல ஆள் தேடிப் போனா, "மேலதிக நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" எண்டிருக்கு. எங்க அனுப்பினது, ஆருக்கு அனுப்பினது எண்டு இல்லை. அரசியலமைப்பிட 22 ஆம் உறுப்புரை வடக்குக் கிழக்கில நிர்வாக மொழி தமிழ் எண்டு சொல்லுது. தமிழில எழுதின முறைப்பாட்டுக்குத் தமிழில பதில் போடக்கூட முடியாதவை, முறைப்பாட்டை வாசிச்சவை எண்டு நாங்கள் எப்பிடி நம்புறது?

கொழும்பில பெரிய தலைகளை உள்ள தள்ளுறாங்கள், இனி எல்லாம் சரிவரும் எண்டு சிலர் சொல்லினம். நடக்கிறது நல்ல விசயம்தான், நான் மறுக்கேல்லை. 2015 ஜனாதிபதித் தேர்தலுக்காக அரச நிறுவனமான சதொச மூலம் 14,000 கரம் விளையாட்டுப் பலகையும் 11,000 தாம் விளையாட்டுப் பலகையும் இறக்குமதி செய்த வழக்கில, மகிந்தானந்த அளுத்கமகேக்கு 20 வருசமும் நளின் பெர்னாண்டோக்கு 25 வருசமும் 2025 மே மாதம் தீர்ப்பாச்சு. இந்த நாட்டில முன்னாள் அமைச்சர் எண்டாலும் தண்டனை விழும் எண்டு கண்ணால கண்டம். ஆனா நடந்ததுக்கும் தீர்ப்புக்கும் இடையில பத்து வருசம். 2023 நவம்பர் 14 இல உயர் நீதிமன்றம் சொன்னதையும் மறக்கேல்லை. பொருளாதாரத்தை 2022 இல விழுந்த நிலைக்குக் கொண்டு வந்ததில ராஜபக்ச சகோதரர் கோட்டாபய, மகிந்த, பசில், மத்திய வங்கி ஆளுநரா இருந்த ரெண்டு பேர், திறைசேரியிலயும் ஜனாதிபதி செயலகத்திலயும் இருந்த பெரிய அதிகாரிகள் எல்லாரும் பொதுமக்கள் நம்பிக்கையை மீறினவை எண்டு நாலுக்கு ஒண்டு பெரும்பான்மையில தீர்ப்பு. கட்டச் சொன்னது என்ன? மனுதாரருக்கு ஒன்றரை லட்சம் ரூபா வழக்குச் செலவு.

அந்த 2022 எங்களுக்கு எப்பிடி இருந்தது எண்டு மீன்பிடிக்கிற சனம் இருக்கிற திருகடலூரில போய்க் கேளுங்கோ. மண்ணெண்ணெய் இல்லாம வள்ளம் கரையில கிடந்தது. சீனக்குடாவில 99 எண்ணெய்த் தாங்கி இருக்கிற ஊரில சனம் கானோட வரிசையில நிண்டது. அதே வருசம் மே 10 ஆம் திகதி, பிரதமர் பதவியை விட்ட மகிந்தவைக் கொண்டு வந்து பாதுகாப்பா வைச்சது எங்கட கடற்படைத் தளத்திலதான். வாசலில சனம் கூடிக் கத்தினது. தளத்துக் கதவு திறக்கேல்லை.

இதெல்லாம் ரீவியில வரும். எங்கட பிரதேச செயலகத்தில, வலயக் கல்விக் கந்தோரில, பிரதேச சபையில, பொலிசில நடக்கிறது எந்த ரீவியில வரும்? இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இருக்கிறது கொழும்பு 7, மலலசேகர மாவத்தையில. 1954 எண்டு தொலைபேசி இலக்கம் இருக்கு, எந்த நேரமும் எடுக்கலாம். 2023 இல புதுசா ஊழல் எதிர்ப்புச் சட்டமும் வந்திட்டுது, முறைப்பாடு குடுக்கிறவருக்குப் பாதுகாப்பு எண்டு அதில எழுதியும் இருக்கு. 2025 இல ஒவ்வொரு அரச நிறுவனத்திலயும் ஊழலைத் தடுக்க உள்ளக விவகாரப் பிரிவு திறக்கச் சொல்லிச் சுற்றறிக்கை போச்சு. பிரிவு திறந்தா அதில இருக்கப்போறது ஆர்? அதே கந்தோரில, அதே மேலதிகாரிக்குக் கீழ வேலை செய்யிறவர்தானே. நாளைக்குத் தன்ட சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுற ஆளைப் பற்றி அவர் என்னத்தை எழுதுவார்?

கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு பத்துது. 2021 நவம்பர் 23, காலமை. பாலம் கட்டுறம் எண்டு பழைய வழியை மூடிப்போட்டு, சனம் போய்வர ஒரு படகுப்பாதை விட்டிருந்தாங்கள். பள்ளிக்கூட வெள்ளை உடுப்போட பிள்ளைகள் ஏறினதுகள். கவிண்டது. அண்டைக்கே ஆறு உயிர், கூடுதலானது பிஞ்சுப் பிள்ளைகள். அடுத்த நாளில இருந்து பாருங்கோ கூத்தை. அனுமதி இல்லை எண்டொருத்தர், அனுமதி குடுத்தது நாங்கள் இல்லை எண்டொருத்தர், பாலம் கட்டுறதுதான் எங்கட வேலை, படகு இல்லை எண்டு இன்னொருத்தர். சிலரைப் பிடிச்சாங்கள், பிணையில விட்டாங்கள். அந்தப் படகைப் பார்க்க வேண்டிய கடமை ஆருக்கு இருந்தது, அவர் ஏன் பார்க்கேல்லை எண்டு ஒரு அதிகாரியாவது அந்தப் பிள்ளைகளிட தாய்மாருக்கு முன்னால நிண்டு பதில் சொன்னாரா? பாலமும் வருசக்கணக்கா அரைகுறையா நிண்டது.

இதில எங்கட பங்கையும் சொல்லத்தான் வேணும், கோவிக்கிறவை கோவியுங்கோ. தமிழ் அதிகாரி மேல குற்றச்சாட்டு வந்தா, "எங்கட ஆளை விழுத்தப் பார்க்கிறாங்கள், அந்தக் கதிரைக்கு வேற ஆளைக் கொண்டரத்தான் இந்த வேலை" எண்டு எங்கட ஆக்களே நெஞ்சை நிமித்திக்கொண்டு வருவினம். முஸ்லிம் அதிகாரி எண்டா கிண்ணியாவிலயும் மூதூரிலயும் அதே கதை மற்றப் பக்கத்தால. சிங்கள அதிகாரி எண்டா கந்தளாயில அதே கதை. ஒரு கிழமையில விசயம் இனப்பிரச்சினையா மாறிடும். காசு வாங்கினாரா இல்லையா எண்ட கேள்வி எங்கயோ போயிடும். கிண்ணியாவில எனக்குத் தெரிஞ்ச நானா ஒருத்தர் சொன்னார்: "தம்பி, எங்கட ஆள்தான் எங்களுக்கிட்டக் கூடக் கேக்கிறார். வெளியில சொல்லமாட்டம் எண்டு அவருக்குத் தெரியும்." உண்மை. எங்கட ஆள் எண்டு நாங்கள் குடுக்கிற காவல்தான் அவருக்குத் துணிவு. அந்த அம்மாவிட்டக் காசு கேட்டவரும் தமிழர்தான். அவரை மாத்தினபோது, பாவம் நல்ல மனுசன் எண்டு பொன்னாடை போர்த்தி அனுப்பினதும் எங்கட ஊர்ச் சனம்தான். எனக்கு வயிறு எரிஞ்சுது.

நேர்மையா வேலை செய்யிறவை இருக்கினம். பின்னேரம் ஆறு மணி மட்டும் இருந்து பைல் முடிச்சுக் குடுத்த மிஸ் ஒராளை எனக்குத் தெரியும், ஒரு சோடாவும் வாங்கிக் குடிக்கமாட்டா. அவவுக்கு எதிராயும் ஒரு மொட்டைக் கடிதம் போனது. விசாரிச்சுப் பொய் எண்டு எழுதிக் குடுத்திருந்தா அவ தலை நிமிர்ந்து நடந்திருப்பா. அதையும் செய்யேல்லை, அவவையும் மாத்தினாங்கள். இப்ப காசு வாங்கினவருக்கும் வாங்காதவவுக்கும் ஊரில ஒரே பேர். அரச உத்தியோகத்தருக்கான தாபன விதிக்கோவையில ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரம், முறையான ஒழுக்காற்று விசாரணை எண்டு படிப்படியா எல்லாம் எழுதிக் கிடக்கு. அந்தப் படியில ஏறினா மேலிடத்துக்கு வேலை கூட, எதிரியும் கூட. இடமாற்றக் கடிதம் எண்டா ஒரு பக்கம்தான்.

மாகாண நிர்வாகத்தைக் கேள்வி கேக்க எங்களுக்கு ஒரு சபையும் இல்லை. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பர் 30 இல கலைஞ்சது. இண்டைக்கு மட்டும் தேர்தல் இல்லை. மாகாணத்திட பாடசாலை, ஆஸ்பத்திரி, வீதி எல்லாத்துக்கும் போற காசு ஆளுநருக்கும் செயலாளர்மாருக்கும் கீழதான் நடக்குது. முந்தி இருந்த உறுப்பினர்மாரும் உத்தமர் இல்லைதான், எண்டாலும் எதிர்க்கட்சியில ஒருத்தர் எழும்பி, இந்தக் கொந்தராத்து ஆருக்குக் குடுத்தீங்கள் எண்டு கேப்பார். அடுத்தநாள் பேப்பரில வரும். இப்ப அதுவும் இல்லை.

எங்கட கையில மிஞ்சியிருக்கிறது 2016 இல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பத்துக்குக் காசு இல்லை, ஏன் கேக்கிறாய் எண்டு அவை கேக்கவும் ஏலாது. தருவமா மாட்டமா எண்டு 14 வேலை நாளுக்குள்ள தகவல் அலுவலர் முடிவு சொல்லவேணும். திருகோணமலை மாவட்டத்தில பதினொரு பிரதேச செயலகம் இருக்கு. பதினொண்டுக்கும் ஒரே விண்ணப்பம் போகவேணும் எண்டு நாங்கள் கொஞ்சப் பேர் முடிவெடுத்திருக்கிறம். கடந்த ஐஞ்சு வருசத்தில இலஞ்சம் பற்றி எத்தனை முறைப்பாடு வந்தது? எத்தனைக்கு ஆரம்ப விசாரணை நடந்தது? எத்தனை பேருக்குக் குற்றப்பத்திரம் குடுத்தது? விசாரணை முடிய முதல் எத்தனை பேரை மாத்தினது? எத்தனை முறைப்பாட்டாளருக்கு எழுத்தில, தமிழில பதில் போனது? ஆரிட பேரும் கேக்கேல்லை, எண்ணிக்கைதான் கேக்கிறம். பதில் தராட்டி மேன்முறையீடு, அதுக்கும் தராட்டி கொழும்பில இருக்கிற தகவல் ஆணைக்குழு.

பட்டினத்துக்கு நான் போடுறன். கிண்ணியாவுக்கு அந்த நானா போடுறார். மூதூருக்கும் வெருகலுக்கும் குச்சவெளிக்கும் கையெழுத்து வைக்கத் துணிஞ்ச ஆள் வேணும். சேருவிலைக்கும் கந்தளாய்க்கும் சிங்களத்தில எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும். பேர் குடுக்கிறவை இந்தக் கிழமைக்குள்ள சொல்லுங்கோ, படிவம் நிரப்பித் தாறது என்ட பொறுப்பு.