மழை சீன் வேண்டாம், குழம்பு போதும்

காதல் கதை எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாயகி தடுக்கி விழுவதையும் நாயகன் ஓடிவந்து தாங்கிப் பிடிப்பதையும் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம். மழை, பவர்கட், ரவுடிக் கும்பல், கட்டாயக் கல்யாணம் எல்லாவற்றையும்தான். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகும், இந்த இருவருக்கும் ஒருவரையொருவர் ஏன் பிடித்தது என்று பல தொடர்கதைகளில் எனக்குக் கடைசி வரை விளங்குவதில்லை. அவன் ஆறடி உயரம், அவளுக்குப் பெரிய கண். சரி, அப்புறம்?

குறுந்தொகை என்றாலே எல்லோரும் 40-ஆம் பாட்டுக்குப் போய்விடுவார்கள், செம்மண்ணில் விழுந்த மழைநீர். நல்ல பாட்டுதான், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கதை எழுதுகிறவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியது 167-ஆம் பாட்டு. கூடலூர் கிழார் பாடியது, மொத்தமே 6 அடி. புதுக் குடித்தனத்துப் பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். அந்த விரலைத் துடைத்த துணியையே துவைக்காமல் உடுத்தியிருக்கிறாள். தாளித்த புகை கண்ணில் ஏறியிருக்கிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை, நன்றாயிருக்கிறது என்று கணவன் சாப்பிடுகிறான். அவள் முகத்தில் லேசாக ஒரு மகிழ்ச்சி. அவ்வளவுதான் பாட்டு.

இதைச் சொல்வது செவிலித்தாய். பெண் குடியிருக்கும் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்றவளிடம் சொல்கிறாள். செல்லமாக வளர்ந்த பிள்ளை அங்கே எப்படி இருக்கிறதோ என்று கவலைப்படும் ஒருத்தியின் கண் வழியாகப் பார்ப்பதால்தான், சாதாரணச் சாப்பாட்டு வேளைக்கு அத்தனை கனம். தங்களை ஒருவர் கவனிக்கிறார் என்பதற்காக அந்த இருவரும் எதையும் செய்யவில்லை. அதனாலேயே நம்பிவிடுகிறோம்.

"அவள் சமைக்க வேண்டும், அவன் சாப்பிட வேண்டும், அதானே?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் கதையில் மாற்றிக்கொள்வோம். அவள் இரவுப் பணி முடித்து வந்து பகலில் தூங்குகிறாள். வீட்டில் குக்கர் இருக்க, அவன் பானையில் உலை வைத்துச் சோறு வடிக்கிறான். மதியம் எழுந்து வருகிறவள் அடுப்படியில் வடித்த கஞ்சியைப் பார்க்கிறாள். விசில் சத்தத்துக்கு அவள் விழித்துவிடக் கூடாது என்று அவன் நினைத்ததை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவளும் ஒன்றும் கேட்பதில்லை, கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கிறாள்.

பத்து அத்தியாயம் கழித்து இருவருக்கும் பெரிய சண்டை. மறுநாள் பகல் பதினொரு மணிக்குச் சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. அந்த இடத்தில் "அவன் மனம் கல்லாகிவிட்டது" என்று எழுதினீர்கள் என்றால் கெடுத்துவிட்டீர்கள்.

தொடர்கதை எழுதுகிறவர்களின் சங்கடமும் தெரிகிறது. ஒவ்வொரு பகுதி முடிவிலும் ஒரு திருப்பம் இல்லையென்றால் வாசகர் அடுத்ததற்கு வரமாட்டார் என்ற பயம். அதற்காக, அன்றாடக் காட்சி என்றால் தினமும் காபி குடிப்பதை வரிசையாக எழுதுவது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்றைய காபிக்குப் பிறகு இன்றைக்கு ஒருவரைப் பற்றி மற்றவருக்குப் புதிதாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை எவ்வளவு என்பதாகக்கூட இருக்கலாம். ஒன்றும் தெரிய வராத காபியை நானும் தள்ளிவிட்டுத்தான் படிக்கிறேன்.